இடப்பக்கம் பூச்சியம் இல்லை

எங்கள் வீட்டில் இடப்பக்கம் என்றால் பூச்சியம். மின்விசிறியின் ரெகுலேட்டர், ரேடியோவின் சத்தம், இஸ்திரிப் பெட்டியின் சூடு, எதுவானாலும் கடைசிவரை இடப்பக்கம் திருகிவிட்டால் அது உறங்கிவிட்டது என்று பொருள். பல்லேபொலவில் எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் இதுதான் சட்டம். காற்றுக் காலத்தில் ஒரு பலாக்கிளை கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். போவதற்கு யாரும் பயப்படுவதில்லை. திரும்பி வருவதற்குத்தான் பயம். வரும் கரண்ட் ஒரு நாள் கணுக்கால் அளவு வரும், இன்னொரு நாள் கூரை அளவு வரும். ஆகவே விசிறி வேகம் குறையத் தொடங்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து சுற்றி வருவார். ஐஸ்பெட்டியின் பிளக்கைக் கழற்றுவார். திருகக்கூடிய எல்லாவற்றையும் பூச்சியத்தில் வைப்பார்.

எங்கள் வீட்டில் அந்தச் சுற்று அக்காவுடையது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அக்கா தமிழ் டீச்சர். நான் ஆறு வயது இளையவள்; யட்டவத்தையில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். மாலையில் வந்து எதையாவது எழுதுவேன். இரண்டு பக்கத்துக்கு மேல் ஓர் எழுத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. மூன்றாவது பக்கத்தில் கால் அரிக்கும். எழுந்துபோய் ஈயம் ஒட்டும் சோல்டர் கோலைச் சூடாக்குவேன்.

அந்தச் சோல்டர் கோலால் நான் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு மொடியூலர் சிந்தசைசர். மின்சாரத்தால் ஒலி எழுப்பும் இசைக்கருவி, ஆனால் விரலால் அழுத்தக் கட்டைகள் இல்லை. விரல் அகலத்தில் தகடுகள், தகடுகளில் குமிழ்கள், குமிழ்களுக்குக் கீழே துளைகள். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஒன்று நினைப்பதை இன்னொன்றுக்குச் சொல்ல இடையில் வயர் குத்த வேண்டும். அந்த வயர்களில் ஒலியும் ஓடும், கட்டளையும் ஓடும். கட்டளை என்பது வோல்ட்: ஒரு வோல்ட் என்றால் கொஞ்சம் திற, ஐந்து வோல்ட் என்றால் முழுவதும் திற. அக்கா அதை வயர்ப்பெட்டி என்பாள். சாப்பாட்டு மேசையில் பாதியை அது பிடித்துக்கொண்டதில் அவளுக்குக் கோபம்.

போன வருடம் அக்காவின் கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்தார்கள். அதோடு குரலின் ஒரு பக்க நரம்பும் ஓய்ந்துபோனது. அப்படி நடக்கலாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். அக்கா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளிடம் இருந்தது பாதிக் குரலும் பாதிக் காற்றும். ஒரு சொல்லைத் தொடங்குவாள், நடுவில் அது கிழியும், மிச்சத்தைக் கையால் சொல்லி முடிப்பாள். கடையில் சீனி கேட்கக்கூட என்னை அனுப்பினாள்.

ஓய்வுபெறும் நாள் கிட்டியது. பள்ளிக்கூடத்தில் பிரியாவிடைக் கூட்டம், டீச்சர் கட்டாயம் பேச வேண்டும் என்று கடிதம் வந்தது. அக்கா அதை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டாள்.

“நான் போகல,” என்றாள். “முப்பது வருஷமா கடைசி வாங்குல இருக்கிற பிள்ள வரைக்கும் கேட்ட குரல். இப்ப அங்க போயி காத்து ஊதிட்டு வரவா?”

அவள் பேசாமல் அந்தப் பள்ளிக்கூடத்தைவிட்டு வரக்கூடாது என்று நான் முடிவெடுத்தேன். அவளைக் கேட்காமல் எடுத்த முடிவு. தினமும் தேநீர் ஊற்றும்போது ஒரு தடவை, துணி மடிக்கும்போது ஒரு தடவை அரித்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அவள் கோப்பையைத் தட்டென்று வைத்தாள்.

“ஒரு பக்கம் வாசிப்பேன். ஒரே ஒரு பக்கம். ஆனா என் குரல் தனியா கேக்கக் கூடாது. நான் பேசப் பேச உன் வயர்ப்பெட்டி சத்தம் ஏறி என்னய மூடணும். முடியுமா?”

“முடியும்.”

“தெரிஞ்சு சொல்றியா, வாய்க்கு வந்தத சொல்றியா?”

“வாய்க்கு வந்ததுதான். தெரிஞ்சுக்குவேன்.”

வாசிப்பதற்கு அவள் எடுத்துக்கொண்டது பிள்ளைகளின் லீவுக் கடிதங்களை. முப்பது வருடங்களாக வந்தவற்றில் சிரித்ததையும் மனதில் தைத்ததையும் ஒரு கொப்பியில் பெயரில்லாமல் எழுதி வைத்திருந்தாள். அவற்றில் ஏழு.

பெட்டியில் எனக்கு வேண்டியவை மூன்று தகடுகள். ஒன்றுக்கு நான் வைத்த பெயர் காது. மைக்கில் குரல் எவ்வளவு உரக்க விழுகிறதோ அவ்வளவு வோல்ட்டை அது வெளியே தள்ளும். பேசாவிட்டால் பூச்சியம், உரக்கப் பேசினால் ஐந்து. இன்னொன்றின் பெயர் கதவு. பின்னால் ஓயாமல் ஓடும் ஆழமான ரீங்காரத்தை அது வோல்ட்டின் அளவுக்குத் திறந்துவிடும். பூச்சியத்தில் மூடியிருக்கும், ஐந்தில் விரியத் திறக்கும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது, காது சொல்வதை அளந்து கதவுக்கு அனுப்பும் அட்டெனுவெர்ட்டர். இந்தப் பெயருக்குப் பதிலாக என்னிடம் நல்ல தமிழ்ச் சொல் இல்லை. அக்கா அதைத் திருப்பி என்றாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள் அக்கா வாசித்தபோது கதவு ஒரு மயிரிழை திறந்து மூடிக்கொண்டது. காதிலிருந்து வந்த வயரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அவள் அடிவயிற்றிலிருந்து பேசினாலும் ஒரு வோல்ட்டும் சில்லறையும்தான். ஐந்து படி ஏணியில் அவள் குரல் முதல் படியிலேயே மூச்சு வாங்கி நின்றது. அதனாலென்ன என்று திருப்பியின் குமிழை வலப்பக்கம் கடைசிவரை முறுக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கிழமை அந்தக் குமிழோடு மல்லுக்கட்டிய பிறகுதான் விளங்கியது: அதற்குக் கூட்டத் தெரியாது. வலப்பக்கம் முழுவதும் திருகினால் வந்ததை வந்தபடியே அனுப்பும், அவ்வளவுதான். அக்காவின் ஒரு வோல்ட்டை ஐந்தாக்க வேண்டுமென்றால் அது காதுக்குள் போகும் முன்பே நடக்க வேண்டும்.

மாத்தளை டவுனில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார்; எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன். கலியாணம், பள்ளிவாசல், கோயில் என்று எல்லா இடத்திலும் அவருடைய பெட்டிகள்தான் பேசும். அவருடைய பிள்ளைகள் அக்காவிடம் தமிழ் படித்தவர்கள். நான் கேட்டதும் மைக்கின் சத்தத்தைக் கூட்டும் ஒரு சின்னப் பெட்டியைத் துடைத்துத் தந்தார்.

“டீச்சர்ட குரலுக்கு இது தேவப்படுதா?” என்று அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ட மகன் டீச்சர்ட சத்தம் கேட்டு வீட்டுல நித்திரையில எழும்பி குறில் நெடில் சொல்லுவான், தங்கச்சி.”

அந்தப் பெட்டி வந்த பிறகு ஏணி சரியானது. அவள் மெல்லப் பேசினால் இரண்டு, அழுத்திப் பேசினால் நாலரை. ரீங்காரம் அவளோடு எழுந்தது, அவளோடு இறங்கியது. அக்கா ஏழு கடிதங்களையும் வாசித்து முடித்து, முதல் தடவையாக வயர்ப்பெட்டியின் தலையில் தட்டிக் கொடுத்தாள். நான் கைப்பேசியில் பதிந்து எடுத்ததைப் பிறகு கேட்டேன். நெல்லுக் குத்தும் மில்லுக்கு முன்னால் ஒருத்தி வாயசைப்பதுபோல் இருந்தது. ஒரு சொல் விளங்கவில்லை.

“ஒண்ணுமே கேக்கலக்கா.”

“அதத்தானே கேட்டேன்,” என்றாள்.

கொடுத்த வாக்கைச் செய்து முடித்திருந்தேன். பதிவை மறுபடி போட்டு, ஒரு சொல்லாவது பிடிபடுகிறதா என்று கேட்டேன்.

கூட்டத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது நான் அலுவலகத்தில் இருந்த நேரம் பெரிய காற்று அடித்தது. வீட்டுக்கு வந்தேன், கரண்ட் போய்த் திரும்பியிருந்தது. ஐஸ்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வயர்ப்பெட்டியைப் போட்டேன். சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிந்தன. அக்கா மைக்கின் முன் உட்கார்ந்து வாசித்தாள். கதவு திறக்கவில்லை. உரக்க வாசித்தாள். திறக்கவில்லை.

“எரிஞ்சிருச்சா?” என்றாள். அந்தக் கேள்வியில் கவலையும் இருந்தது; கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதுதான் என்னைக் குத்தியது.

“எரிஞ்சா புதுசா ஒட்டுவேன்.”

இரண்டு மாலை முழுவதும் தகடுகளைக் கழற்றி, ஈயம் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சந்தேகமான இடங்களில் மறுபடி சூடு வைத்தேன். விரல் இரண்டு இடத்தில் கொப்பளித்தது. கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. பெட்டியை மடியில் வைத்து, அக்காவைப் பக்கத்தில் ஏற்றி, திரீவீலரில் மாத்தளைக்குப் போனேன். பள்ளம் வரும் இடமெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன்.

நானா கடையின் நடுவில் மேசையைக் காலி பண்ணித் தந்தார். அவருடைய மீட்டர் என்னுடையதைவிட நல்லது. காதிலிருந்து வரும் வயரில் கம்பியை வைத்தார்.

“டீச்சர், ஏதாவது பேசுங்க.”

“என்னா பேசுறது?”

“நாலு. நாலரை. காதுக்கு ஒண்ணுமில்ல.” கம்பியைத் திருப்பிக்கு அடுத்த வயருக்கு மாற்றினார். “இப்ப பேசுங்க.”

“அதான் பேசுறேனே.”

நானா மீட்டரைத் தட்டினார். இரண்டு கம்பிகளையும் பார்த்தார். “நான் கறுப்ப சிவப்புல வச்சிட்டேன் போல,” என்று தன்பாட்டில் சொல்லி, சரிபார்த்து, மறுபடி வைத்தார். “மைனஸ் நாலரை. இல்ல, சரியாத்தான் புடிச்சிருக்கேன். மைனஸ்தான்.”

அப்போதுதான் நான் குமிழைப் பார்த்தேன். அது இடப்பக்கம் கடைசியில் இருந்தது. இரண்டு நாளாக அதே குமிழுக்குப் பின்னால் ஈயத்தைத் தேடியவள் முன்னால் பார்க்கவில்லை.

“அக்கா, கரண்ட் போன அண்ணைக்கி இத தொட்டீங்களா?”

“தொடல,” என்றாள் அக்கா. “பூச்சியத்துல வச்சேன்.”

நானா சிரிப்பை அடக்கத் தெருப்பக்கம் திரும்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. தலைக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. திருப்பிக்குப் பூச்சியம் நடுவில் இருக்கிறது. நடுவில் வைத்தால் எதுவும் போகாது. அங்கிருந்து வலப்பக்கம் போகப்போக வந்தது வந்தபடி கூடும். இடப்பக்கம் போகப்போக அதுவும் கூடத்தான் செய்யும், தலைகீழாக. கடைசி இடப்பக்கம் உறக்கமில்லை. முழுப் பலத்தோடு எதிர்த்திசை. அக்கா நாலரை பேசினால் அது மைனஸ் நாலரை சொல்லும். கதவுக்கோ பூச்சியத்திலிருந்து ஐந்து வரைதான் மொழி தெரியும். அதற்குக் கீழே எவ்வளவு பேசினாலும் அது மூடியபடியே நிற்கும். எதுவும் எரியவில்லை. அக்கா இரண்டு நாளாகக் கதவை இழுத்து இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள்.

“எரியல்ல. அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் நானா. “வலப்பக்கம் திருப்பிப் போடுங்க தங்கச்சி, நான் டீ சொல்றேன்.”

என் கை குமிழுக்குப் போனது. அங்கேயே நின்றது. மூன்றாவது பக்கத்தில் வரும் அதே அரிப்பு. திருப்பியில் கீழே இன்னொரு குமிழ் உண்டு; வருவதோடு ஒரு நிலையான வோல்ட்டைச் சேர்க்கும். இதுவரை நான் அதைத் தொட்டதில்லை. மைனஸ் நாலரையோடு ஐந்தைச் சேர்த்தால் அரை. பூச்சியத்தோடு ஐந்தைச் சேர்த்தால் ஐந்து. மேல் குமிழை இடப்பக்கத்திலேயே விட்டுவிட்டு, கீழ்க் குமிழை மெல்ல ஏற்றினேன்.

கடை முழுவதும் ரீங்காரம் நிறைந்தது. கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது.

“என்னடி இது?” என்றாள் அக்கா.

ரீங்காரம் அடங்கியது. அவள் நிறுத்தியதும் எழுந்தது.

“ஏய்,” என்றாள். அடங்கியது. எழுந்தது. மைக்கை உற்றுப் பார்த்தாள். “ஒண்ணு. ரெண்டு.” ஒவ்வோர் எண்ணுக்கும் அது குனிந்து, குனிந்து, இடைவெளியில் நிமிர்ந்தது.

“டீச்சருக்குப் பயப்படுது,” என்றார் நானா.

அக்கா சிரிக்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். ரீங்காரத்துக்கு மேலால் என் காதருகே வந்து பேசினாள்.

“அப்ப நான் பேசுற நேரம் இது பேசாது.”

“ஆமா.”

“எல்லாருக்கும் என் குரல் மட்டுந்தான் கேக்கும். கிழிஞ்சது, ஓட்ட எல்லாம்.”

“ஆமாக்கா.”

“மூடச் சொன்னேன். நீ தெறந்து வைக்கிறே.”

நானா டீ சொல்லப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் ஒட்டுப் பொட்டு அட்டையை எடுத்தேன். குமிழ்களைச் சுற்றிச் சிவப்புப் பொட்டு இரண்டு, பச்சைப் பொட்டு இரண்டு ஒட்டினேன்.

“மேல் குமிழும் கீழ் குமிழும் செவப்புல இருந்தா ஒங்கள மூடும். பச்சையில இருந்தா வழி விடும். பெட்டி மேடையில ஒங்க கைக்கிட்ட இருக்கும். நான் தொட மாட்டேன்.”

“பிழையா திருப்பிட்டேன்னா?”

“நீங்க பிழையா திருப்பினது ஒண்ணும் எரியல தானே.”

சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கிழமை என் கையைக் கட்டி வைப்பது ஈயம் ஒட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. பச்சை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் பிடிவாதத்துக்குச் சிவப்பில் வைத்துவிடுவாள். சொல்லாமல் இருந்தேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்க்கும் நேரமெல்லாம் மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். எந்தப் பக்கம் திருப்பி வாசிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளவில்லை. தெரியக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. மண்டபத்தில் பிள்ளைகள், பின்னால் பெற்றோர். அக்கா மேடையில் கதிரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சிறு மேசை, அதில் பெட்டி. உதட்டுக்கு ஒட்டினாற்போல் மைக். நானா ஓரத்தில் தன் கருவிகளோடு நின்றார்.

“எந்தப் பக்கம்?” என்று பக்கத்துக் கதிரையில் இருந்த என்னிடம் கேட்டார்.

“தெரியாது.”

“ஒங்களுக்கே தெரியாதா?”

“அவங்க இஷ்டம்.”

அக்கா கண்ணாடியைப் போட்டாள். கொப்பியைத் திறந்தாள். மேல் குமிழைப் பிடித்து இடப்பக்கம் கொண்டுபோனாள், கடைசிவரை. கீழ்க் குமிழைப் பச்சைப் பொட்டுக்கு ஏற்றினாள். ரீங்காரம் மண்டபத்தை நிறைத்தது. பிள்ளைகள் மேலே பார்த்தார்கள், விமானம் வருவதுபோல.

அவள் வாயைத் திறந்தாள். ரீங்காரம் குனிந்து ஒதுங்கியது. அந்த இடைவெளியில் அவளுடைய குரல் வந்தது: ஓரம் பிய்ந்து, காற்று கலந்து, ஆனால் ஒவ்வொரு சொல்லாக.

“‘மிளகு பறிக்க ஆள் இல்லாதபடியால் வர முடியவில்லை. பறித்த மிளகில் கொஞ்சம் கொண்டு வருகிறேன்.’”

சிரிப்பு வந்தது. ரீங்காரம் எழுந்து, சிரிப்போடு நின்று, மறுபடி குனிந்தது.

“‘ஒரு கால் சப்பாத்தை நாய் கொண்டு போனது. மற்றக் கால் சப்பாத்தோடு வரலாமா என்று அறியத் தரவும்.’ ‘வஹகோட்டைத் திருவிழாவுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பஸ் என்னை எழுப்பவில்லை.’ ‘அம்மாவுக்குப் பிள்ளை கிடைத்தது. நான் நினைத்ததைவிட அது…’”

அங்கே குரல் நின்றுவிட்டது. உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. ரீங்காரம் எழுந்தது. அக்கா வலது கையை உயர்த்தினாள், உள்ளங்கை முன்னால். வகுப்பு இரைந்தால் அவள் செய்வது அது. முப்பது வருடமாக எந்த வகுப்பும் அந்தக் கைக்கு அடங்காமல் இருந்ததில்லை. ரீங்காரம் இன்னும் ஏறியது. அதற்குக் கண் இல்லை. அவள் பேசினால் ஒழிய அது அடங்காது. பேச அவளிடம் குரல் இல்லை. கை உயர்ந்தபடி நின்றது. ஒரு பிள்ளை இருமியது. நான்கு எட்டு வைத்தால் பெட்டி. கீழ்க் குமிழை இறக்கினால் முடிந்தது. நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தேன்.

அக்கா கையை இறக்கினாள். கண்ணாடிக்கு மேலால் பெட்டியைப் பார்த்தாள். தண்ணீரை எடுக்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. ஒரு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

“உக்காரு,” என்றாள்.

நூல் அளவு குரல். ரீங்காரம் உட்கார்ந்தது.

கடைசி வாங்கிலிருந்து சிரிப்பு முன்வாங்கு வரை வந்தது. அந்தக் குரலை அவர்களுக்குத் தெரியும். அது அடங்கும்வரை அக்கா காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். “‘…நான் நினைத்ததைவிட அது சின்னது.’” ஐந்தாவது. ஆறாவது. இடையில் இரண்டு தடவை கிழிந்தது. கிழிந்த இடத்திலேயே நின்று மறுபடி சொன்னாள். ஏழாவது கடிதத்துக்கு முன்னால் கொப்பியை மூடிவிட்டாள். அது அவளுக்கு மனப்பாடம்.

“‘காரணம் ஒன்றும் இல்லை, டீச்சர். இன்றைக்கு வரப் பிடிக்கவில்லை. நாளைக்கு வருவேன்.’”

அவள் நிறுத்தியதும் ரீங்காரம் எழுந்தது, கைதட்டலும் எழுந்தது. ஒன்று மற்றதை மூட, எது எது என்று தெரியாமல் போனது. அக்கா என்னைப் பார்த்துச் சுவரைக் காட்டினாள். உதட்டைப் படித்தேன்: கரண்ட எடு. ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றினேன்.

சிவப்பு விளக்குகள் அணைந்தன. அக்காவின் கை, பழக்கத்தில், பூச்சியத்தில் வைப்பதற்காக மேல் குமிழுக்குப் போனது. அது ஏற்கெனவே இடப்பக்கத்தில்தான் இருந்தது.